தூக்கும் கை துவண்டுபோனால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், மூட்டைப் பாருங்கள்

டெக்சஸில் எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளின் எஃப்டிசி (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற பள்ளி ரோபோ போட்டி) அணிக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். அணியில் பாதிப் பேர் நம்ம தமிழ் வீட்டுப் பிள்ளைகள்தான். தகுதிச் சுற்றுகளில் மற்ற அணிகளின் ரோபோக்களைப் பார்க்கும்போது ஒரே காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. காலையில் கம்பீரமாகத் தூக்கிய கை மதியத்துக்கு மேல் தொங்கிப்போகிறது. உடனே பிள்ளைகள் மோட்டாருக்குப் பலம் போதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் பார்த்த வரையில், பெரும்பாலும் கோளாறு மோட்டாரில் இல்லை, மூட்டில்தான்.

2024–25 பருவத்து 'இன்டு தி டீப்' ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். கட்டைகளைப் போட வேண்டிய மேல் கூடையோ 43 அங்குல உயரத்தில் இருந்தது. அதில் ஒரு கட்டையைப் போட்டால் 8 புள்ளி, கீழ்க் கூடையில் போட்டால் 4 புள்ளி. அதனால் எல்லாரும் மேல் கூடைக்கே போனார்கள். ஏறும் ஸ்லைடு, அதன் உச்சியில் திரும்பும் ஒரு கை, கையின் நுனியில் இடுக்கி என்பதுதான் பலரின் அமைப்பு.

ஒரு போட்டியில் பக்கத்து மேசை அணியின் கை இப்படித்தான் தொங்கியது. அதற்கு முன்பே அவர்கள் ஒருமுறை மோட்டாரை மாற்றி, பலம் கூடியதாகப் போட்டிருந்தார்கள். ஆலன் கீ கேட்டு வந்தார்கள். நானும் கூடப்போய்ப் பார்த்தேன். மூட்டின் ஷாஃப்டை (தண்டை) உருவி வெளிச்சத்தில் பிடித்தபோது எல்லாம் தெரிந்துவிட்டது. செட் ஸ்க்ரூ (கையை ஷாஃப்டோடு இறுக்கிப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ) உட்கார்ந்த இடத்தில் சின்னப் பள்ளம், அதிலிருந்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போன பளபளப்பான கீறல். மோட்டார் சுற்றியிருக்கிறது, ஷாஃப்டும் சுற்றியிருக்கிறது, கை மட்டும் அசையவில்லை. மோட்டாரின் பலத்தைக் கூட்டியதால் ஸ்க்ரூ இன்னும் வேகமாக வழுக்கியதுதான் மிச்சம்.

இது ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். 40 செ.மீ. நீளக் கை. நுனியில் இடுக்கி, அதை அசைக்கும் சர்வோ மோட்டார், கட்டை எல்லாம் சேர்ந்து 600 கிராம். கையின் சொந்த எடை 400 கிராம் நடுவில் இருக்கிறது என்று வைப்போம். கை கிடைமட்டமாக நிற்கும்போது மூட்டில் ஏறும் டார்க் (திருப்பு விசை) கிட்டத்தட்ட 3.1 நியூட்டன் மீட்டர், அதாவது 32 கிலோ-சென்டிமீட்டர். கேட்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அதை 6 மி.மீ. ஷாஃப்டின் மேல் ஒரு செட் ஸ்க்ரூ தாங்க வேண்டும் என்றால், 3 மி.மீ. ஆரத்தில் 100 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம். கை சும்மா நிற்பதற்கே இவ்வளவு! வேகமாகப் போய்க் கூடையின் விளிம்பில் இடித்தால் இதைப் போலப் பல மடங்கு ஏறும்.

ஆகவே எங்கள் பிள்ளைகளிடம் நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான்: கையைத் திருப்பும் விசை ஷாஃப்ட் வழியாகப் போகவே கூடாது. மூட்டின் ஷாஃப்ட் சட்டத்தில் இறுகி அசையாமல் நிற்கட்டும். கை அதன் மேல் இரண்டு பேரிங்கில் சுழலட்டும். பெரிய ஸ்ப்ராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, கையின் பக்கவாட்டில் நான்கு போல்ட் போட்டு நேராக முடுக்கிவிடுங்கள். செயின் ஸ்ப்ராக்கெட்டை இழுக்கும், ஸ்ப்ராக்கெட் கையை இழுக்கும். ஷாஃப்டுக்கு எடையைத் தாங்குவது மட்டுமே வேலை. பேரிங் இரண்டும் ஒட்டி இருக்கக் கூடாது. எவ்வளவு தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவுக்குக் கை பக்கவாட்டில் ஆடாது.

கடைசிக் குறைப்பை (வேகத்தைக் குறைத்து டார்க்கைக் கூட்டுவதை) மூட்டிலேயே வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. எல்லாக் குறைப்பையும் கியர்பாக்ஸுக்குள்ளேயே முடித்துவிட்டால், அதில் 2 டிகிரி ஆட்டம் இருந்தாலே 40 செ.மீ. தள்ளி நுனியில் 14 மி.மீ. ஆடும். எடுக்க வேண்டிய கட்டையின் அகலமே ஒன்றரை அங்குலம்தான். அதே கியர்பாக்ஸுக்கு அப்புறம் 3-க்கு 1 செயின் போட்டால், நுனியின் ஆட்டம் 5 மி.மீ.க்குள் வந்துவிடும். செயின் தொய்யாமல் இழுத்துக் கட்ட மட்டும் வழி வைக்க வேண்டும்.

சரி, மோட்டார்? ஸ்டால் டார்க் என்று பட்டியலில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அது மோட்டார் நின்றுபோகும் இடம். நாளெல்லாம் வேலை வாங்க வேண்டுமானால் அதில் கால் பங்குக்குள் இருங்கள். நாங்கள் எடுத்தது நிமிடத்துக்கு 117 சுற்று, 68 கிலோ-சென்டிமீட்டர் மோட்டார். 3-க்கு 1 செயினோடு 200-ஐத் தாண்டுகிறது. நமக்குத் தேவை 32. அதற்கு மேலும் ரப்பர் டியூப் கட்டிக் கையின் எடையில் ஒரு பகுதியைத் தாங்கவைத்தோம். கிணற்று ஏற்றத்தின் மறுமுனையில் கல் கட்டுவார்களே, அதே வேலைதான். மோட்டார் கையைப் பிடித்து நிறுத்தவே கரன்ட் இழுத்துக்கொண்டிருந்தால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிவிடும், சக்கரங்களுக்கு மிச்சம் இருக்காது.

மேலும் கீழும் மோதி நிற்க உலோகத் தடை வையுங்கள். மூட்டைக் கடக்கும் வயர் முழுத் திருப்பத்துக்கும் போதுமான சுருளோடு இருக்கட்டும்.

*

அண்ணா, உங்கள் பதிவில் புரோகிராம் பக்கம் விட்டுப்போயிருக்கிறது. அதை நான் சேர்க்கிறேன். பள்ளியில் இருந்தபோது எஃப்டிசி அணியில் கோட் எழுதினேன், இப்போது கல்லூரியில் இருக்கிறேன்.

இரும்பு வேலை அத்தனையும் சரியாக இருந்தும் கை கிறுக்குத்தனமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் 30 விநாடி தானியங்கி ஓட்டம் முடியும்போது கை மேலே இருக்கும். அடுத்து 2 நிமிட ஓட்டத்துக்கான புரோகிராம் தொடங்கும்போது, மோட்டாரின் சுழற்சியை எண்ணும் என்கோடரைப் பூஜ்யமாக்கிவிடும். அவ்வளவுதான், மேலே இருக்கும் இடமே 'கீழ்' என்று ரோபோ நம்பிவிடும். டிரைவர் தூக்கு என்றால் அது பின்பக்கம் போய்த் தடையில் முட்டிக்கொண்டு நிற்கும். மோட்டாரின் என்கோடருக்குத் தன் இடம் தெரியாது, எவ்வளவு நகர்ந்தோம் என்பது மட்டும்தான் தெரியும். அதனால் மூட்டிலேயே ஒரு பொட்டென்ஷியோமீட்டர் வைத்துவிடுங்கள், எப்போது கேட்டாலும் உண்மையான கோணத்தைச் சொல்லும்.

இன்னொன்று, பிஐடி-யை (போக வேண்டிய இடத்துக்கும் இப்போதிருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பவரைத் திருத்தும் முறை) மட்டும் வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். ஈர்ப்பு விசை மூட்டில் ஏற்றும் டார்க், கிடைமட்டத்திலிருந்து அளக்கும் கோணத்தின் கொசைனோடுதான் மாறுகிறது. கிடைமட்டத்தில் கையை நிறுத்த எவ்வளவு பவர் வேண்டும் என்று ஒருமுறை அளந்து, அதைக் கொசைனால் பெருக்கிக் கூடுதலாகக் கொடுத்தால் போதும். ப்ளஸ் ஒன் கணிதம்தான்!

*

சென்னையில் வெக்ஸ் என்ற இன்னொரு ரோபோ போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துகிறேன். சார் சொன்ன மூட்டு விஷயம் அங்கேயும் அப்படியே பொருந்தும். சதுர ஷாஃப்டில் கியரை மாட்டுவதோடு விடாமல், 84 பல் கியரைக் கையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டுப் பிணைத்துவிடுவோம். 12 பல் சின்னக் கியர் அதை ஓட்டும், 7-க்கு 1. நிமிடத்துக்கு 100 சுற்று மோட்டார் என்றால் கை 14 சுற்றுக்கு இறங்கும், அதாவது கால் வட்டம் திரும்ப ஒரு விநாடிக்குக் கொஞ்சம் கூட.

வெக்ஸ் வி5 மோட்டார் 55 டிகிரி செல்சியஸைத் தொட்டால் தன் பலத்தைத் தானே பாதியாகக் குறைத்துக்கொள்ளும், சூடு ஏற ஏற இன்னும் குறைக்கும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் பயிற்சி செய்தால் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். ரப்பர் பேண்ட் போட்ட கைக்கும் போடாத கைக்கும் உள்ள வித்தியாசம், மோட்டாரைத் தொட்டாலே தெரியும். ஆனால் ரப்பர் பேண்ட் தளர்ந்துவிடும். போட்டி அன்று காலையில் புதிதாக மாற்றிவிடுவோம், மாற்றியதும் ஒருமுறை கையைத் தூக்கி இறக்கிச் சரிபார்த்துக்கொள்வோம்.

சார், உங்கள் ரப்பர் டியூப் எத்தனை நாள் தாங்குகிறது?

*

டியூபும் தளரத்தான் செய்யும். கட்டும்போது ஒரு முனையில் மூன்று நான்கு ஓட்டைகள் விட்டுவைக்கிறோம். தளரத் தளர அடுத்த ஓட்டைக்கு இழுத்து மாட்டுவோம். மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கையைப் பாதி உயரத்தில் விட்டால் அது மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். மேலே எகிறினால் டியூப் அளவுக்கு மேல் இறுக்கமாக இருக்கிறது, தொப்பென்று விழுந்தால் மாற்ற வேண்டிய நேரம். தங்கை சொன்ன பொட்டென்ஷியோமீட்டரை அடுத்த பருவத்துக்குப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.