மறு: எஸ்எஸ்ஹெச்3-ஐத் தமிழில் எப்படிச் சொல்வது?

> 'பாதுகாப்பு ஓடு 3' என்று வைத்துவிடலாமே, மூலத்தை ஒட்டியும் இருக்கும்.

வேண்டாங்க. எஸ்எஸ்ஹெச் என்பது 'செக்யூர் ஷெல்', தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழைந்து வேலை செய்ய உதவும் மென்பொருள்; எஸ்எஸ்ஹெச்3 அதன் புது வடிவம். ஷெல்லுக்கு நேர்ச்சொல்தான் ஓடு. 'ஓடு' என்பதோடு ஐ உருபைச் சேர்த்துப் பாருங்கள்: "பாதுகாப்பு ஓட்டைத் திறக்கவும்." வழங்கியைக் காக்க வந்த மென்பொருளுக்குப் பாதுகாப்பு ஓட்டை என்று பெயர் வைத்த பெருமை நமக்கு எதற்கு?

அந்த 3-உம் நிற்காது. அது வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் நெறிமுறையின் புதிய பதிப்பான ஹெச்டிடிபி/3-இலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட எண். 2023 டிசம்பரில் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் ஃபிரான்சுவா மிஷெலும் ஒலிவியே பொனவாந்தூரும் கட்டுரை வெளியிட்டபோது அந்தப் பெயர் இருந்தது, ஆனால் இது வழக்கமான எஸ்எஸ்ஹெச்சிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டதால் பெயர் மாறக்கூடும் என்று அவர்களே திட்டப் பக்கத்தில் எழுதிவிட்டார்கள், இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்புக்கான வரைவின் தலைப்பும் 'ஹெச்டிடிபி/3 வழித் தொலைமுனையங்கள்' என்ற பொருளுக்கு மாறிவிட்டது. பெற்றவர்களே கைவிடப் பார்க்கும் பெயரை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

'பாதுகாப்பு' என்ற அடைமொழியும் தேவையா என்று கேட்பேன். 1995-இல் டாட்டு யூலோனன் எஸ்எஸ்ஹெச்சை எழுதியபோது டெல்நெட், ஆர்எஸ்ஹெச் போன்ற பழைய தொலை இணைப்பு மென்பொருள்கள் எதையும் மறையாக்காமல் அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தன, அதனால் வேறுபடுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. ஹெச்டிடிபி/3-க்கு அடியில் தரவைச் சுமக்கும் க்விக் என்ற நெறிமுறையில் டிஎல்எஸ் 1.3 என்ற மறையாக்க முறை உள்ளேயே பிணைந்திருக்கிறது, மறையாக்கம் இல்லாத க்விக் என்று ஒன்று கிடையாது.

ஆகவே என் முன்மொழிவு தொலைமுனையம். தொலைமுனையத்தில், தொலைமுனையத்தை என்று எந்த உருபும் இடறாமல் ஏறும். எது வழியாக என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'க்விக் வழித் தொலைமுனையம்'. உள்ளே ஓடி நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் போன்றவற்றை ஷெல் என்றே விட்டுவிடலாம், எல்லாருக்கும் புரிகிறது.

> சேனல், ஸ்ட்ரீம் இரண்டுக்கும் 'ஓடை' போதாதா?

போதாது, குழப்பம் இங்கேதான் வரும். ஒரே எஸ்எஸ்ஹெச் இணைப்புக்குள் தனித்தனி வேலைகளுக்குப் பிரியும் பாதைதான் சேனல்; க்விக் இணைப்புக்குள் தனியாக ஓடும் தரவு வரிசைதான் ஸ்ட்ரீம். எஸ்எஸ்ஹெச்3-இல் சேனல் ஒவ்வொன்றும் தனி க்விக் ஸ்ட்ரீமில் போகிறது. பழைய முறையில் எல்லாச் சேனல்களும் ஒரே டிசிபி (க்விக்குக்கு முந்தைய தரவு சுமக்கும் நெறிமுறை) இணைப்பில் நெரிசலாகப் போவதால் ஒரு தரவுப் பொட்டலம் தொலைந்தால் அது திரும்ப வரும்வரை அத்தனையும் காத்துக் கிடக்கும். இதில் ஒன்று தடைபட்டாலும் மற்றவை பாட்டுக்குப் போகும். இதை விளக்கப்போனால் "ஒவ்வொரு ஓடையும் தனி ஓடையில் போகும்" என்றா எழுதுவது? சேனலுக்குத் தடம், ஸ்ட்ரீமுக்கு ஓடை என்று பிரித்துக்கொள்வோம்.

அப்புறம், விளக்கக் குறிப்பில் 'அதிவேக' என்று ஒருவர் சேர்த்திருக்கிறார், அதை எடுத்துவிடுங்கள். இணைப்பு ஏற்படும் நேரம்தான் குறைகிறது: பழையதில் செய்தி 5 முதல் 7 முறை போய்வர வேண்டும், இதில் 3 போதும். இணைந்த பிறகு தட்டச்சு செய்யும் எழுத்து திரையில் தெரிய ஆகும் நேரம் ஏறக்குறைய அதேதான்.

தடம், ஓடை இரண்டையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். தொலைமுனையத்துக்கு மறுப்பு இருந்தால் மாற்றுச்சொல்லோடு வாருங்கள், நாலு உருபு சேர்த்துச் சோதித்துவிட்டு.