ஆய்வு அறிக்கையில் எல்லாம் 'திருப்தி'. அம்மாவுக்கு ராத்திரியெல்லாம் அரிப்பு. எதைப் பார்ப்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: நித்யமல்லி

அம்மாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். மூன்று வாரமாக ராத்திரி தூக்கமே இல்லை, சொறிந்துகொண்டே இருக்கிறார். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாகச் சிவந்திருக்கிறது. "வயசானா தோல் வறண்டுதான் போகும்" என்று ஏதோ களிம்பு தடவுகிறார்கள். போன ஞாயிறு போனால், பக்கத்துக் கட்டில் பாட்டியும் அதே இடத்தைச் சொறிந்துகொண்டிருக்கிறார்.

வரவேற்பறையில் ஆய்வு அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கைச் சுத்தம், துணி, கழிவு எல்லாவற்றுக்கும் 'திருப்தி'. எனக்கு மருத்துவம் தெரியாது. சத்தம் போட்டால், நான் கிளம்பிய பிறகு அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போவதும் அவர்கள்தானே என்று பயமாக இருக்கிறது.

பதில் 1: பழைய செவிலியர்

சகோதரி, முதலில் அரிப்பு. நீங்கள் சொல்லும் இடங்களும், ராத்திரியில் கூடுவதும், பக்கத்துக் கட்டிலுக்கும் வந்திருப்பதும் சிரங்கு மாதிரி இருக்கிறது. ஸ்கேபீஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான், தோலுக்குள் குடையும் பொடிப் பூச்சியால் வருவது. நான் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது. தோல் டாக்டரை இந்த வாரமே வரவழையுங்கள். முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதனால் இன்று சொறியாதவர்களிடமும் பூச்சி இருக்கக்கூடும். அரிப்பு இருப்பவருக்கு மட்டும் மருந்து போட்டால் போன பூச்சி திரும்பி வரும். தொட்டுப் பழகிய எல்லோருக்கும், ஊழியர்களும் நீங்களும் உட்பட, ஒரே நாளில் மருந்து போட வேண்டும். துணிமணி, படுக்கை விரிப்பு எல்லாம் வெந்நீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாததைப் பையில் இறுகக் கட்டிக் குறைந்தது 3 நாள் வைத்தால் போதும், மனித உடம்பை விட்டு அது அதற்குமேல் தாங்காது.

இனி ஆய்வு. தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸாக 9 வருடம் இருந்தேன், ஆய்வுக்கும் போயிருக்கிறேன். ஒரு இல்லத்தில் ஆறு கட்டில் அறை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கையுறை போட்டு ஒரு பாட்டிக்கு டயப்பர் மாற்றினாள். அதே கையுறையோடு போர்வையை இழுத்துவிட்டாள், கதவுப்பிடியைத் திறந்து அழுக்கை வெளியே வைத்தாள், திரும்பி வந்து அடுத்த கட்டில் பாட்டியின் வாயோரத்தைத் துடைத்தாள். என் கையிலிருந்த தாளில் 'கையுறை அணிகிறார்களா' என்று மட்டும்தான் கேள்வி இருந்தது. 'ஆம்' என்று டிக் போட்டேன். இன்றும் அது உறுத்துகிறது. அந்தப் பெண் சோம்பேறி இல்லை. கைக்கு எட்டிய இடத்தில் சானிடைசரே இல்லை, நடைபாதைக் கோடியில் ஒன்றுதான் இருந்தது.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் அந்தக் கை என்ன செய்கிறது என்பதைத்தான். சானிடைசர் புட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று இந்த ஞாயிறு பார்த்துவையுங்கள், அடுத்த ஞாயிறும் அதே அளவில் இருந்தால் யாரும் தொடவில்லை. மூத்திரக் குழாய் போட்டவர்களுக்கு அதோடு மாட்டிய பை தரையில் கிடக்கிறதா, வயிற்றுக்கு மேலே தூக்கித் தொங்கவிட்டிருக்கிறதா? இரண்டுமே தவறு. வயிற்றுப்போக்கு பரவும் சமயத்தில் சானிடைசரை மட்டும் நம்புகிறார்களா என்றும் கேளுங்கள். சில வயிற்றுப்போக்குக் கிருமிகள் அதற்குச் சாகாது, சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். கிருமிநாசினி தெளித்த உடனே துடைத்துவிட்டாலும் பயனில்லை. லேபிளில் போட்டிருக்கும் நிமிடம் வரை ஈரமாக இருந்தால்தான் வேலை செய்யும்.

பதில் 2: இரவுப்பணி

அக்கா, நான் இதே மாதிரி ஒரு இல்லத்தில் ஆயா வேலை பார்க்கிறேன். ஆய்வு வரும் அன்றைக்கு மட்டும் ஆள் அதிகம் போடுவார்கள். மற்ற ராத்திரியில் 30 பேருக்கு நாங்கள் இரண்டு பேர். எங்களைத் திட்டாதீர்கள். "ராத்திரிக்குக் கையுறைப் பெட்டி எத்தனை தருகிறீர்கள், எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்" என்று மேனேஜரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்டால் எங்களுக்கும் கிடைக்கும். இன்னொன்று, வயசானவங்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகும். திடீரென்று ஆள் தெரியாமல் பேசினாலோ சாப்பிடாமல் ஒதுங்கினாலோ உடனே சொல்லுங்கள்.

பதில் 3: தென்றல்

இவ்வளவு யோசிப்பானேன்? நாளைக்கே வேறு இல்லத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பதில் 4: பழைய செவிலியர்

தென்றல், கோபம் நியாயம்தான், ஆனால் இப்போது வேண்டாம். மருந்து போடாமல் மாற்றினால் பூச்சியையும் கூடவே அடுத்த இல்லத்துக்குக் கொண்டுபோவோம். சிகிச்சை முடியட்டும், பிறகு யோசிக்கலாம்.

நித்யமல்லி (ஆறு நாள் கழித்து)

சிஸ்டர், டாக்டர் தோலைச் சுரண்டிப் பார்த்தார். சிரங்குதான். அந்தத் தளத்தில் 11 பேருக்கு இருக்கிறது. மேனேஜரிடம் தங்கை இரவுப்பணி சொன்ன இரண்டு கேள்வியையும் அப்படியே கேட்டேன். முதலில் முகம் மாறியது, பிறகு பதிவேட்டை எடுத்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் ஒன்றாக மருந்து. எனக்கும் தந்திருக்கிறார்கள். என் 3 வயது மகள் பாட்டி மடியிலேயே உட்காருவாள். அவளுக்கும் போட வேண்டுமா? அம்மாவுக்குத் தலையிலும் தடவ வேண்டுமா?

பழைய செவிலியர்

மகளுக்கும் அதே நாளில் வேண்டும். அவள் வயதைச் சொல்லி டாக்டரிடமே மருந்தும் அளவும் வாங்குங்கள், உங்களுடையதைப் பங்கிடாதீர்கள். அம்மா வயதில் தலை, காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவச் சொல்வார்கள், நகத்தை ஒட்ட வெட்டி அதன் அடியிலும் தடவுங்கள். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி போட வேண்டும். இரண்டாவது முறை எந்தத் தேதி என்று இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள். மருந்துக்குப் பிறகும் 2, 3 வாரம் அரிப்பு இருக்கும், பயப்படாதீர்கள். ஆனால் புதிதாகப் பொடிப்பு கிளம்பினால் இங்கே வந்து எழுதுங்கள்.