எல்லாருக்கும் ஹீரோ ஆறுதல் சொல்கிறார், ஹீரோவுக்கு யார் சொல்வது? (ஸ்பாய்லர் நிறைய உண்டு)

கடைசிசேவ்:

மாஸ் எஃபெக்ட் 2 என்கிற விண்வெளிக் கேமைத் திரும்ப ஆடிக்கொண்டிருக்கிறேன். டிஎல்சி (பிற்பாடு சேர்த்த கூடுதல் பகுதி) ஆட்களையும் சேர்த்தால் கப்பலில் 12 பேர். ஒருத்தருக்கு அப்பாவோடு தகராறு, ஒருத்தருக்குப் பிள்ளையோடு தகராறு, ஒருத்தருக்குத் தங்கச்சியைக் காப்பாற்ற வேண்டும், இன்னொருத்தருக்கு யாரையோ பழிவாங்கியே ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் நாம் ஆடுகிற ஹீரோ ஷெப்பர்ட்தான் கூடப் போய் நிற்க வேண்டும், போகாவிட்டால் கடைசி மிஷனில் அந்த ஆள் செத்துப்போகலாம் என்று வேறு வைத்திருக்கிறார்கள். சரி, கேமே அதுதான், அதில் எனக்குக் குறையில்லை.

ஆனால் அந்த ஷெப்பர்ட் கேம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே விண்வெளியில் மூச்சுமுட்டிச் செத்தவர். இரண்டு வருஷம் கழித்து உடம்பைச் சரிசெய்து எழுப்பிவிட்டிருக்கிறார்கள். செத்துப் பிழைத்தவரிடம் "எப்படி இருக்கிறாய், தூக்கம் வருகிறதா" என்று உட்கார்ந்து கேட்க ஒரு ஜீவன் இல்லை. ஹொரைசனில் பழைய சிநேகிதரைப் பார்க்கிறோம் (எனக்கு ஆஷ்லி, சிலருக்குக் கைடன்), சந்தோஷப்பட்ட கையோடு செர்பரஸோடு (ஷெப்பர்டை எழுப்பிவிட்ட, கெட்ட பெயர் எடுத்த அமைப்பு) சேர்ந்துவிட்டாயே என்று திட்டிவிட்டுப் போய்விடுகிறார். கெல்லி சேம்பர்ஸ் கப்பல் ஆட்களின் மனசைக் கவனிக்கிற வேலையில் இருப்பவர், அவரும் பெரும்பாலும் "இன்னார் உங்களிடம் பேச வேண்டுமாம்" என்று அடுத்த ஆளிடம் அனுப்பிவைக்கிறார்.

டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸிலும் இதே கதைதான். மனிதப் பிரபுவாக ஆரம்பித்தால் ஒரே ராத்திரியில் வீடே போய்விடும், அண்ணன் மனைவி, அவர்களுடைய சின்னப் பையன் உட்பட. அதற்கப்புறம் கூட வருகிற அலிஸ்டர் தன் தலைவர் டங்கனை நினைத்துத் துக்கப்படுவார், நாம் அவரைத் தேற்ற வேண்டும்!

ரொமான்ஸ் சீனைத் தவிர்த்து, கூட வருகிறவர்கள் ஹீரோவை உண்மையாகவே தாங்கிப் பிடிக்கிற ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடுகிற கேம்) எது? ஸ்பாய்லர் பரவாயில்லை, தாராளமாகச் சொல்லுங்கள்.

கேலிப்ரேஷன்கடை:

மாஸ் எஃபெக்ட் 3-ஆம் பாகத்துக்கு வாருங்கள் ப்ரோ, அங்கே பாக்கியையெல்லாம் தீர்த்திருக்கிறார்கள்.

அசாரி என்கிற வேற்றுக்கிரக இனத்தின் தாய்க் கோளம் தெஸ்ஸியா விழுந்த பிறகு நடக்கிற சீனைக் கவனியுங்கள். ஷெப்பர்ட் தோற்றுத் திரும்புகிறார், ஒரு கோளமே கண்ணெதிரில் போய்விட்டது, அந்த நேரத்தில் கப்பல் ஓட்டுகிற ஜோக்கர் ஒரு ஜோக் அடிக்கிறார். அசாரிகளிடம் நடனக்காரிகள் குறைந்து கமாண்டோக்கள் கூடியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்கிற மாதிரி. யாருக்கும் கோபம் வரும், எனக்கும் வந்தது, எரிந்துவிழுகிற பதிலைத்தான் தேர்ந்தெடுத்தேன். அப்போதுதான் ஜோக்கர் விஷயத்தைச் சொல்கிறார். உங்கள் கவசத்தில் வருகிற அளவீடுகளை கப்பலின் செயற்கை அறிவு எடி பார்த்திருக்கிறது, உங்கள் மனஅழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, பூமியை விட்டுக் கிளம்பும்போது உங்கள் பழைய கேப்டன் ஆண்டர்சன் என்னிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் என்று. அதாவது அந்த மட்டமான ஜோக்தான் அவருக்குத் தெரிந்த ஆறுதல். இத்தனைக்கும் ஜோக்கரின் சொந்தக் குடும்பம் என்ன ஆனது என்று அவருக்கே தெரியாத நேரம் அது.

அப்புறம் பழைய தோழன் கேரஸோடு பிரசிடியம் என்கிற இடத்தின் உச்சியில் ஏறி பாட்டில் சுடுகிற சீன். அதில் ஆறுதல் வார்த்தை என்று எதுவும் கிடையாது. ரெண்டு பேர் போரை மறந்து கொஞ்ச நேரம் வெட்டியாக இருக்கிறார்கள், அவ்வளவுதான். வேண்டுமென்றே குறி தப்பி அவரை ஜெயிக்க விடலாம், நான் ஒவ்வொரு தடவையும் விட்டுவிடுவேன்.

முதல் பாகத்திலும் ஒன்று உண்டு, நீங்கள் மறந்திருப்பீர்கள். கவுன்சில் நம் கப்பல் நார்மண்டியைப் பூட்டிவைத்த பிறகு ஷெப்பர்ட் லாக்கரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருப்பார், ஒருத்தர் பக்கத்தில் வந்து பேசுவார்.

லில்லிப்பூவேண்டாம்:

டிராகன் ஏஜ் 2-ஐ யாருமே சொல்லவில்லையா? ஒரே மாதிரி குகையைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள் என்று அந்தக் கேமை ஒதுக்கிவைத்துவிட்டார்கள், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் பயோவேர் கம்பெனி (மாஸ் எஃபெக்ட், டிராகன் ஏஜ் ரெண்டும் அவர்களுடையது) அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு நன்றாகச் செய்யவில்லை என்பது என் கட்சி.

அதன் ஹீரோ ஹாக்கின் அம்மா லியாண்ட்ரா. கேம் தொடக்கத்திலேயே தம்பியோ தங்கையோ ஓகர் என்கிற அரக்கனிடம் சாகும், அம்மா ஹாக்கைப் பார்த்து "எப்படி விட்டாய்" என்கிறார். அது மனசில் முள்ளாகக் கிடக்கிறது. பல வருஷம் கழித்து அம்மாவுக்கு வெள்ளை லில்லிப்பூ வருகிறது, அப்புறம் அவரைக் காணவில்லை. நீங்கள் எவ்வளவு சீக்கிரம் ஓடினாலும், என்ன தேர்ந்தெடுத்தாலும், காப்பாற்ற முடியாது. கேம் அந்த வாசலை மூடியே வைத்திருக்கிறது.

அதற்கு அடுத்த சீன் வீட்டில். ஹாக் படுக்கையறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கூட இருக்கிறவர்களில் ஒருவர், காதல் ஓடினால் அவர், தானாகவே வந்து சேர்கிறார். யார் வருகிறார்களோ அவர்கள் குணத்துக்குத் தக்கபடிதான் பேச்சு. ஃபென்ரிஸ் ஆறுதல் சொல்லத் தெரியாத ஆள். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் வந்து நிற்கிறார், அது அவருக்கே தெரிகிறது. நம்மூரில் துக்க வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் திண்ணையில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிற பெரியப்பா மாதிரி. ஹாக்கும் சோகமாகவோ நக்கலாகவோ கோபமாகவோ பதில் சொல்லலாம், மூன்றையும் கேம் ஏற்றுக்கொள்கிறது. நக்கலை வைத்ததுதான் பெரிய விஷயம், ஏனென்றால் அதுவரை எல்லாவற்றுக்கும் ஜோக் அடித்த ஹாக் அன்றைக்கும் அடிக்கப் பார்த்தால் அது ஒட்டவே ஒட்டாது, கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

எனக்குவேண்டாம்:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் எதிர்க்கட்சி.

மாஸ் எஃபெக்ட் 3-இல் காட்டுக்குள் ஒரு சிறுவனைத் துரத்துகிற கனவு வருகிறதே, மூன்று தடவை, மெதுவாகத்தான் ஓட முடியும், செத்தவர்கள் குரல் முணுமுணுக்கும். அந்தப் பையனை நான் பார்த்ததே பூமியில் ரெண்டு நிமிஷம். முதல் பாகத்தில் விர்மைரில் நானே தேர்ந்தெடுத்துச் சாகவிட்ட ஆளுக்காக என் ஷெப்பர்ட் தூக்கம் கெட்டுக் கிடந்திருந்தால் ஒத்துக்கொள்வேன். கேம் என்ன செய்கிறது? "உன் ஹீரோ இந்தப் பையனுக்காக நொறுங்கிப்போயிருக்கிறார்" என்று அதுவே முடிவு செய்துவிட்டு, அதற்கு ஆறுதல் சொல்ல ஆள் அனுப்புகிறது. என் ஹீரோவுக்கு என்ன வலி என்று நான்தானே சொல்ல வேண்டும்? வலிக்காத இடத்தில் வந்து தடவிக்கொடுத்தால் எரிச்சல்தான் வருகிறது. இதற்கு யாரும் எதுவும் கேட்காமல் இருப்பதே மேல், என் தலைக்குள் நானே கதை கட்டிக்கொள்வேன்.

பாக்கிவசனம்:

எதிர்க்கட்சி அண்ணன் சொன்னதில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. நான் ரென்பை என்கிற மென்பொருளில் சின்னதாகக் கதை கேம்கள் எழுதுகிறவள், அதனால் எழுதுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

துணைப் பாத்திரத்தின் சோகம் எழுத்தாளர் கையில் இருக்கிறது. ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் அவரே வைக்கலாம். ஹீரோவின் சோகம் பிளேயர் கையில். வருத்தப்பட்டாரா, மரத்துப்போனாரா, உள்ளுக்குள் சந்தோஷமா, எழுதுகிறவருக்குத் தெரியாது. அதனால் முதலில் ஹீரோவுக்கு நாலு விதமான பதில் எழுத வேண்டும், அந்த நாலுக்கும் ஆறு துணைப் பாத்திரங்கள் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும், அது காதலா நட்பா முறைப்பா என்று மூன்றாகப் பிரியும். ஒரே ஒரு இரவுக்கு 72 துண்டு! ஒரு தடவை ஆடுகிறவர் அதில் ஒன்றைத்தான் பார்ப்பார். குரல் பதிவு என்று வந்துவிட்டால் யோசித்துக்கொள்ளுங்கள். அந்தக் காசுக்கு ஒரு டிராகன் சண்டை வைத்துவிடலாம் என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள்.

இன்னொன்று, இது காசில்லாமலே சரிசெய்யக்கூடியது. யார் யாரைத் தேடி வருகிறார்கள் என்பது. மாஸ் எஃபெக்டில் ஒவ்வொரு மிஷனுக்கு அப்புறமும் நாம்தான் மாடி மாடியாகச் சுற்றி ஒவ்வொருத்தர் அறைக் கதவையும் தட்டுகிறோம். பால்டர்ஸ் கேட் 3-இல் கேம்புக்குப் போனால் கூட வருகிறவர்கள் தலைக்கு மேல் ஆச்சரியக்குறியோடு நிற்கிறார்கள், நாம் போய் கிளிக் செய்ய வேண்டும். ஆறுதலே நம்முடைய வேலைப் பட்டியலில் இன்னொன்றாக நிற்கிறது. 2000-த்தில் வந்த பால்டர்ஸ் கேட் 2-இல் அப்படி இல்லை. ரொமான்ஸ் பேச்சுகளுக்கு உள்ளே டைமர் ஓடும், நேரம் வந்தால் கூட வருகிறவரே வந்து பேச ஆரம்பிப்பார். சுரங்கத்துக்குள் அடுத்த கதவைத் திறக்கப் போகும்போது ஜஹீரா செத்துப்போன கணவர் கலீதைப் பற்றி ஆரம்பிப்பார், எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் மனுஷர்கள் அப்படித்தானே பேசுவார்கள், நமக்குத் தோதான நேரம் பார்த்தா பேசுகிறார்கள்?

மேலே சொன்ன ஜோக்கர் சீனும் லியாண்ட்ரா சீனும் ஏன் நிற்கின்றன என்றால், ரெண்டிலும் நாம் ஆறுதலைக் கேட்டுப் போகவில்லை. முக்கியமாக, ரெண்டிலும் ஆறுதலைத் தள்ளிவிட நமக்கு வழி இருக்கிறது. கனவுப் பையனில் அது இல்லை, அண்ணனுக்கு எரிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

எனக்குவேண்டாம்:

72-ஐப் படித்ததும் பாவமாகிவிட்டது. சரி, கனவை மட்டும் திட்டிக்கொள்கிறேன்.

நாலுடிஸ்க்:

ஜப்பான் பக்கம் யாரும் போகவில்லையே. ஃபைனல் ஃபேன்டசி 9, வருஷம் 2000, பிளேஸ்டேஷனில் நாலு டிஸ்க்.

ஜிடான் என்கிற பையன் கேம் முழுக்க மற்றவர்களைத் தூக்கி நிறுத்துகிறவன். தான் ஒரு பொம்மை மாதிரி செய்யப்பட்டவன் என்று தெரிந்து விவி உடைந்துபோகும்போது கூட நின்றவன் அவன்தான். பிற்பாதியில் டெர்ரா என்ற இடத்தில் அவனுக்கே அது திரும்புகிறது. தானும் ஒரு உலகத்தை அழிப்பதற்காக உருவாக்கப்பட்டவன்தான் என்று தெரிய வருகிறது. அப்புறம் பேண்டமோனியத்தில் எழுந்து, வருகிற ஆட்களை எல்லாம் வெடுக்கென்று பேசி விரட்டிவிட்டுத் தனியாக நடக்கிறான். விவியையும் எய்கோவையும்கூட.

பேச்சு எடுபடவில்லை என்றதும் அந்தக் கேம் சண்டையைப் பயன்படுத்துகிறது, அதுதான் சாமர்த்தியம். நாலு பேர் நிற்க வேண்டிய சண்டைத் திரையில் ஒருத்தன் மட்டும் நிற்கிறான். அடி தாங்காது. அப்போது ஃப்ரேயாவும் அமரன்ட்டும் வந்து பக்கத்தில் நிற்கிறார்கள், அடுத்த சண்டையில் வேறு ஆட்கள், ஒவ்வொருவரையும் அவன் விட்டுவிட்டு நடக்க நடக்க இன்னொருவர் வருகிறார், கடைசியில் டேகர். பின்னால் ஒரே பாட்டு, சண்டை ஆரம்பித்தாலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், வழக்கமான சண்டை இசை வராது. அங்கே டயலாக் தேர்வு ஒன்றுமே கிடையாது. பாக்கிவசனம் சொன்ன 72-இல் ஒன்றுதான் அவர்கள் எழுதியது. ஹீரோ யார் என்று முழுசாகத் தெரிந்தால் ஒன்றே போதும் போல.

கடைசிசேவ்:

நன்றி மக்களே, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. லியாண்ட்ரா சீனை நான் ஆடியிருக்கிறேன், அன்றைக்கு யார் வந்தார்கள் என்பதுதான் ஞாபகம் இல்லை, திரும்ப ஆட வேண்டும்.

பால்டர்ஸ் கேட் 3-இல் என் டாவிடம் (நாமே உருவாக்குகிற ஹீரோ) யாரும் சொந்த ஊர் எது என்றுகூடச் சரியாகக் கேட்டதில்லை. டார்க் அர்ஜ் என்கிற ஹீரோவை எடுத்தால் மாறுமா?

நாலுடிஸ்க்:

அது கேமையே மாற்றும். டார்க் அர்ஜுக்கு ரத்தவெறி உண்டு, பழைய ஞாபகம் கிடையாது. ஆரம்பத்திலேயே ஒருநாள் கேம்பில் விடிந்து பார்த்தால் கையெல்லாம் ரத்தம், பக்கத்தில் பிணம். அதற்குப் பிறகு கூட இருக்கிறவர்கள் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறு. இரண்டாவது அங்கத்தில், உங்களிடம் சொல்லப்பட்ட கொலையைச் செய்யாமல் விட்டீர்கள் என்றால், மனசுக்குப் பிடித்தவரையே கொல்லச் சொல்லி உடம்பு கிளம்பும். அவரை எழுப்பி உண்மையைச் சொல்லலாம். சொன்னால் ஓடமாட்டார். உங்களைக் கட்டிப்போட்டுவிட்டு விடிகிற வரைக்கும் பக்கத்திலேயே இருப்பார். எதற்கும் கிண்டல் பேசுகிற அஸ்டேரியன் அந்த ராத்திரி எப்படிப் பேசுகிறார் என்று பார்ப்பதற்காகவே ஒரு தடவை ஆடலாம்.

லில்லிப்பூவேண்டாம்:

ஆர்பிஜி கணக்கில் டிஸ்கோ எலிசியத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மன உறுதிக்கே தனி மீட்டர், அது தீர்ந்தால் கேம் முடிந்தது. அதை ஏற்ற நீங்கள் பெரும்பாலும் மருந்துதான் சாப்பிட வேண்டும், கூட வருகிற போலீஸ்காரர் கிம் கிட்சுராகி கட்டிப்பிடித்து ஏற்றமாட்டார். கூடவே நடப்பார், நோட்டில் குறித்துக்கொள்வார், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட். நீங்கள் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் கடைசியில் உங்கள் பழைய கூட்டாளி ஜான் விக்மார் வந்து கேட்கும்போது உங்களுக்காகப் பேசுவார், அதுவும் அறிக்கை வாசிக்கிற குரலில்.

கடைசிசேவ்:

டார்க் அர்ஜ் இன்றைக்கே தொடங்குகிறேன். ரொமான்ஸ் எதுவும் போகாமல் இருந்தால் அந்த ராத்திரி யார்?

நாலுடிஸ்க்:

உங்கள் மேல் அப்ரூவல் (பிடித்தம்) யாருக்கு அதிகமோ அவர். லேஸெல்லைக் கொஞ்சம் அனுசரித்துப் போங்கள், என் ஓட்டு அவருக்கு.