அட்டையில் உள்ள சதவீதத்தை வைத்து ஜோடி சேர்க்கலாமா? ஜூடோ பிள்ளைகளின் வீட்டார் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா:

என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. ஜூடோ என்றால் உயிர். சமீபத்தில் ஒரு போட்டிக்குப் போனோம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் சதவீதத்தையும் எடையையும் பார்த்து ஜோடி போட்டார்கள். எதிரில் நின்ற பையனுக்கும் அதே சதவீதம், ஏறக்குறைய அதே எடை. ஆனால் அவன் பிடித்த வேகத்தில் காலைத் தட்டி எறிகிறான். என் மகனோ எதிராளி சட்டையைப் பிடித்த பிறகுதான் தானும் பிடிப்பான். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. "நான் ஒண்ணுமே செய்யலையேம்மா" என்று வந்து நின்றானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வேறு ஊர்களிலும் இப்படித்தானா?

அம்பாசமுத்திரம் பக்கம் ஜூடோ சொல்லிக்கொடுப்பவர்:

அக்கா, அந்த அட்டை உதவித்தொகைக்கும் பஸ் பாஸுக்கும் ஆனது. 40 சதவீதம் இருந்தால் சலுகை உண்டு என்று சட்டம் வைத்த கோடு அது. மேட்டில் (ஜூடோ ஆடும் மெத்தை விரிப்பில்) ஒரு பிள்ளை என்ன செய்வான் என்று அதில் எழுதியிருக்காது.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் வயது, ஆண்/பெண், அதன் பிறகு திறன் என்று பிரிப்பார்கள். ஒரு பிரிவில் 3 பேருக்குக் குறையாமல், 8 பேருக்கு மிகாமல். ஜூடோவில் எடையும் சேரும். திறனை அளக்க ஒரே வழி, பிள்ளைகளை முதலில் கொஞ்ச நேரம் ராண்டோரி (இருவர் பிடித்து ஆடும் பயிற்சி ஆட்டம்) செய்யவிட்டுப் பார்ப்பதுதான். தானாக முந்திப் பிடிக்கிறானா, பிடித்தால் மட்டும் பதில் கொடுக்கிறானா? விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் மேட்டைத் தட்டி விழுகிறானா? நடுவர் 'மட்டே' (நிறுத்து) என்றதும் நிறுத்துகிறானா? இவ்வளவையும் கவனிக்க வேண்டும். மெடலுக்காகத் தெரிந்தே மெதுவாக ஆடிக்காட்டி, கீழ்ப் பிரிவுக்குப் போகப் பார்க்கிறவர்களும் உண்டு. அதனால் போட்டியிலும் கண் வைத்திருக்கணும்.

எங்கள் ஊரில் இப்படிப் பிரித்தபோது ஒரு அப்பா கோபப்பட்டார். "எம்புள்ள என்ன மட்டமா?" என்று கேட்டார். நான் அவரை மேட் ஓரத்தில் உட்கார வைத்தேன். அவர் மகன் தனக்கு இணையான பையனோடு முழு நேரமும் மல்லுக்கட்டினான், ஒருமுறை எறியவும் செய்தான். அதன் பிறகு அவர் கீழ், மேல் என்று பேசவே இல்லை. இணையான எதிராளி கிடைப்பது அந்தப் பிள்ளையின் உரிமை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொன்று. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிமானம் தளர்ந்திருக்கும். டாக்டரிடம் கழுத்தைக் காட்டாமல் அந்தப் பிள்ளைகளை மேட்டில் ஏற்றவே கூடாது.

தென்காசியிலிருந்து, பார்வையற்ற வீரரின் அண்ணன்:

அண்ணாச்சி சொல்வது முழுக்கச் சரி. பார்வையற்றோர் ஜூடோவிலும் இந்தக் குறை ரொம்ப காலம் இருந்தது. பாராலிம்பிக்கில் 1988 சியோலிலிருந்து ஜூடோ இருக்கிறது. ஆனால் டோக்கியோ வரைக்கும் எடை மட்டும்தான் கணக்கு. கண் துளியும் தெரியாதவரும் ஓரளவு தெரிகிறவரும் ஒரே பிரிவில் மோதினார்கள். இருவரும் சட்டையைப் பிடித்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும், பிடி விட்டுப்போனால் நடுவர் நிறுத்தி மறுபடி பிடிக்க வைப்பார். அதனால் பார்வை பெரிய விஷயமில்லை என்று சொல்லிவந்தார்கள். அது போதாது என்று என் தம்பி எப்போதும் சொல்வான். எதிராளியின் தோளும் இடுப்பும் திரும்புவது மங்கலாகத் தெரிந்தாலே எறி எந்தப் பக்கம் வருகிறது என்று ஊகித்துவிடலாமாம்.

2022 முதல் ஜே1, ஜே2 என்று பிரித்துவிட்டார்கள். முழுப் பார்வையின்மையும் அதை ஒட்டிய நிலையும் ஜே1, ஓரளவு பார்வை உள்ளவர்கள் ஜே2. பாரிஸ் 2024-இல் ஆண், பெண் இருபாலருக்கும் தனித்தனியே ஒவ்வொரு வகுப்பிலும் நான்கு எடைப் பிரிவு, மொத்தம் 16 போட்டிகள். அங்கேதான் கபில் பர்மார் 60 கிலோ ஜே1-இல் வெண்கலம் வாங்கினார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். அந்தச் செய்தியைத் தம்பி என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னான்.

பாளையங்கோட்டை அம்மா:

ரொம்ப நன்றி தம்பி, மாஸ்டர். அடுத்த போட்டிக்கு எடை போடும்போதே பிள்ளைகளைக் கொஞ்சம் ராண்டோரி செய்யவிட்டுப் பார்த்துப் பிரிக்கச் சொல்லி, இன்னும் சில வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கி அமைப்பாளர்களுக்கு மனு எழுதப் போகிறேன். எதையெல்லாம் கவனிக்கணும் என்று மாஸ்டர் சொன்னதை அப்படியே அதில் சேர்த்துக்கொள்ளலாமா?