சிஎச்ரூட் ஜெயில்: ‘வேர்ச்சிறை’க்குப் பதில் ‘அடைவுக்கூண்டு’

வணக்கம்.

இணையப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் மென்பொருளான பைண்ட் வழங்கியைத் தனிமைப்படுத்தி ஓட்டும் கையேட்டில் ‘சிஎச்ரூட் ஜெயில்’ (ஒரு நிரலை ஓர் அடைவுக்குள், அதாவது கோப்புறைக்குள், அடைத்து ஓட்டும் முறை) வரும் இடங்களுக்கு ‘வேர்ச்சிறை’ என்ற சொல் பரிந்துரையாக வந்திருக்கிறது. அழகான சொல்தான். ஆனால் இந்தக் கையேட்டுக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

முதல் சிக்கல் ‘வேர்’ (ரூட்). டிஎன்எஸ் பேசும் இடத்தில் வேர் என்றாலே அதன் உச்சியில் ஏ முதல் எம் வரை 13 பெயர்களில் இருக்கும் வேர் வழங்கிகள்தாம் நினைவுக்கு வரும். போதாததற்கு லினக்ஸில் முழு அதிகாரமுள்ள ரூட் பயனர் வேறு. பைண்டின் நிரலான நேம்டியைப் பற்றி ‘வேர்ப்பயனராகத் தொடங்கும் நேம்டி, வேர்ச்சிறைக்குள் போனபின் வேர் வழங்கியைக் கேட்கும்’ என்று எழுதினால் புதிதாகப் படிப்பவர் குழம்பியே போவார்.

அடுத்தது ‘சிறை’. இது இன்னும் முக்கியம். சிஎச்ரூட் என்ற இயங்குதள அழைப்பு 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. ஒரு நிரலுக்கு எந்த அடைவு உச்சி என்பதை மாற்றுவது மட்டுமே அதன் வேலை. பிணையத்தையோ, ஓடிக்கொண்டிருக்கும் மற்ற நிரல்களையோ அது பிரித்து வைக்காது. ரூட் அதிகாரத்தோடு உள்ளே இருக்கும் நிரல் வெளியே வந்துவிடவும் முடியும். அதனால்தான் நேம்டியை அடைவுக்குள் அடைப்பதோடு விடாமல், குறைந்த அதிகாரமுள்ள தனிப் பயனரின் பெயரில் ஓட்டுகிறோம். ‘சிறை’ என்று எழுதினால், படிப்பவர் இந்த இரண்டாம் படியை விட்டுவிட வாய்ப்பு அதிகம். ஓடும் நிரல்களையும் பிணைய முகவரியையும் சேர்த்துப் பிரிப்பது 2000இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் 4.0 பதிப்பில் வந்த ஜெயில். ‘சிறை’யை அதற்கே வைத்துக்கொள்வோம்.

‘பட்டி’ என்ற யோசனையும் எனக்குப் பிடித்தது. ஆடு அடைக்கும் பட்டி, நல்ல ஊர்ச்சொல். ஆனால் மெனுவுக்கும் கருவிப்பட்டிக்கும் அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே!

எனவே ‘அடைவுக்கூண்டு’. எதைச் சுற்றி எல்லை போடுகிறோம் என்பது பெயரிலேயே தெரிகிறது. ஒருமுறை முழுப்பெயரைச் சொன்னபின் வெறும் ‘கூண்டு’ என்றே எழுதலாம். கையேட்டு வரிகளில் வைத்துப் பாருங்கள்:

‘அமைப்புக் கோப்பு எட்சி (/etc) அடைவில் இருந்தும் நேம்டி இல்லை என்கிறதா? அது கூண்டுக்குள் இருக்கும் எட்சியைத்தான் பார்க்கும். கோப்பை அங்கே வையுங்கள்.’

‘நல், ரேண்டம் ஆகிய சாதனக் கோப்புகள் கூண்டுக்குள்ளும் வேண்டும்.’

‘பதிவுகளில் நேரம் பிசகினால், கூண்டுக்குள் லோக்கல்டைம் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.’

மூன்றுமே தடங்கலில்லாமல் படிக்க வருகின்றன. பைண்ட்-சிஎச்ரூட் போன்ற தொகுப்புப் பெயர்களையும், தட்டச்சிடும் கட்டளைகளையும் மாற்ற வேண்டாம். விளக்க வரிகளில் மட்டும் தமிழ்ச்சொல் வரட்டும்.

வினைக்கு ‘கூண்டிலிடு’, ‘கூண்டிலடை’ இரண்டும் சரியாகவே படுகின்றன. நான் ‘கூண்டிலடை’ பக்கம். உங்களுக்கு எது?