மறு: கட்டுரைக்கும் அதன் தரவுக்கும் உள்ள உறவுக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

போன வாரம் கேட்ட ஒரு கேள்விக்கு இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். நூலகத் தேடல் பக்கம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு ஆய்வுக்கட்டுரையைத் திறந்தால், அது எந்தக் கணக்கெடுப்பை வைத்து எழுதப்பட்டதோ அந்தத் தரவுக்குப் போகும் வழி ஓரத்தில் இருக்கும். தரவின் பக்கத்தைத் திறந்தால், அதை வைத்து எழுதிய கட்டுரைகள் வரிசையாக வரும். இந்த உறவுக்கு ஒரு பெயர் வேண்டும், பொத்தான்களில் எழுத இரண்டு சிறு தொடர்களும் வேண்டும்.

> தரவு இணைப்பு என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். கைப்பேசியில் காசு தீர்ந்தால் அறுந்துபோவதும் தரவு இணைப்புதான். கணினி வலையமைப்புப் பாடத்தில் ஏழு அடுக்குகளில் இரண்டாவதற்கும் இதே பெயர்தான். நூலகப் பக்கத்தில் இதை எழுதி வைத்தால் வைஃபை கடவுச்சொல் கேட்டு ஆள் வரும்.

> தரவுக்கண்ணி. சங்கிலியின் வளையம் என்றும் பொருள், வலையின் முடிச்சு என்றும் பொருள்.

இதை எழுதியவரைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா ஒரே வரியில் பதில் போட்டுவிட்டார்: "எங்கட பக்கம் கண்ணி எண்டால் சனத்துக்கு முதலில வெடிதான் ஞாபகம் வரும்." அதற்கு மேல் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

> தரவாட்சி. சொல்லாட்சி மாதிரி.

இதுதான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. சொல்லை ஆள்வது சொல்லாட்சி என்றால் தரவை ஆள்வது தரவாட்சி, இலக்கணம் சரிதான். ஆனால் மக்களாட்சி, கூட்டாட்சி என்று பழகிய காதுக்குத் தரவே நாற்காலியில் உட்கார்ந்து ஆள்வது போலக் கேட்கிறது. நிறுவனங்கள் தரவைக் கட்டுப்படுத்தி நிர்வகிப்பதைச் சொல்ல வேறு யாராவது நாளை இதே சொல்லைக் கேட்பார்கள். அவர்களுக்கே விட்டுவிடலாம். ஆனால் அதில் இருக்கும் 'ஆள்' என்ற வினையை நான் விடப்போவதில்லை.

காரணம் சொல்கிறேன். இந்த உறவை நாம் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே கட்டிய கயிறாகப் பார்க்கிறோம். அதனால்தான் இணைப்பு, தொடுப்பு, பிணைப்பு என்று கயிற்றுச் சொற்களாகவே வருகின்றன. நடப்பது அதுவல்ல. ஜெர்மனியில் ஆல்பஸ் என்று ஒரு சமூகக் கணக்கெடுப்பு 1980 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. குடும்பம், மதம், அரசியல், வேலை என்று மக்களின் மனப்போக்கைக் கேட்பார்கள். ஒருவர் அதிலிருந்து சில கேள்விகளின் பதில்களை மட்டும் எடுத்து, தனக்கு வேண்டியபடி கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதுகிறார். எடுக்கிறார், ஆள்கிறார். கயிறு கட்டுவது பிற்பாடு நூலகர் செய்யும் வேலை.

அந்த வேலையும் லேசானதில்லை. புத்தகத்தை மேற்கோள் காட்டும் ஒழுங்கு தரவுக்கு இன்னும் முழுதாக வரவில்லை. தரவுக்கு நிலையான எண் கொடுக்கும் டேட்டாசைட் அமைப்பே 2009இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் தரவின் பெயர் பெரும்பாலும் துணைநூற்பட்டியலில் இருக்காது. நடுப்பத்தியிலோ, அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்திலோ கிடக்கும். ஒருவர் சுருக்கப் பெயர் எழுதுவார், இன்னொருவர் முழுப் பெயர் எழுதுவார், மூன்றாமவர் ஆண்டை விட்டுவிடுவார்.

இதற்காகவே மன்ஹைம் பல்கலைக்கழக நூலகமும் கேசிஸ் என்ற சமூக அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2011இல் இன்ஃபோலிஸ் என்று ஒரு திட்டம் தொடங்கின. அவர்கள் செய்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. தெரிந்த ஒரு தரவின் பெயரைக் கணினிக்குக் கொடுப்பது. கட்டுரைகளில் அந்தப் பெயருக்கு முன்னும் பின்னும் என்னென்ன சொற்கள் வருகின்றன என்று அது பார்த்துக்கொள்ளும். அதே சொற்களுக்கு நடுவே வேறு பெயர் வந்தால் அதுவும் தரவின் பெயராக இருக்கலாம் என்று பிடித்துக்கொள்ளும். அந்தப் புதுப் பெயரை வைத்து அடுத்த சுற்று. ஊரில் ஒருத்தரைத் தெரிந்தால் போதும், அவர் உட்காரும் திண்ணையைப் பார்த்து மற்றவர்களையும் தெரிந்துகொள்ளலாம் என்கிற கணக்கு.

பெயரைப் பிடித்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். கட்டுரை "ஆல்பஸ்" என்று மட்டும் சொன்னால் எந்த ஆண்டுக்கான கோப்பு? எல்லா ஆண்டுகளையும் சேர்த்துத் தொகுத்த கோப்பும் தனியாக இருக்கிறது, அதற்கு எண்ணும் வேறு. அப்புறம், பெயரைச் சொன்னவர் எல்லாம் தரவைப் பயன்படுத்தியவர் இல்லை. "இப்படியும் ஒரு கணக்கெடுப்பு உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனவரும் இருப்பார். அது குறிப்பிடல், எடுத்தாளல் இல்லை. இந்த வேறுபாட்டை இணைப்பு என்ற சொல் விழுங்கிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: உறவின் பெயர் 'தரவு எடுத்தாட்சி'. பொத்தான்களுக்கு:

கட்டுரையின் பக்கத்தில்: எடுத்தாண்ட தரவு
தரவின் பக்கத்தில்: எடுத்தாண்ட கட்டுரைகள்

இங்கே ஒரு லாபம் இருக்கிறது. தரவைப் பற்றிய விவரங்களை எழுத டேட்டாசைட் வகுத்த அமைப்பில் பெரும்பாலான உறவுகளுக்கு இரட்டைப் பெயர் உண்டு, மேற்கோள் காட்டுகிறது, மேற்கோள் காட்டப்படுகிறது என்று. நமக்கு அந்தப் 'படுகிறது' வேண்டியதில்லை. பள்ளியில் படித்த பெயரெச்சம்தான். சமைத்த அம்மா, சமைத்த சோறு. செய்தவருக்கும் செய்யப்பட்டதற்கும் ஒரே சொல் போதும்.

> அப்படியானால் "எடுத்தாண்ட கட்டுரைகள்" என்பதை, இது எடுத்தாண்ட வேறு கட்டுரைகள் என்று படிக்க மாட்டார்களா?

நேற்று வரைவைக் காட்டியபோது ஒருவர் கேட்டது இது. நியாயமான கேள்வி. கட்டுரையின் பக்கத்தில் எழுதினால் அப்படித்தான் படிப்பார்கள். ஆனால் இந்தத் தொடர் வருவது தரவின் பக்கத்தில். கணக்கெடுப்புக் கோப்பு எந்தக் கட்டுரையையும் எடுத்தாளாது, ஆகவே அங்கே ஒரு பொருள்தான் வரும். ஒரு தரவிலிருந்து இன்னொரு தரவு பிறப்பது தனிக்கதை, அதை இதில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

எடுத்தாட்சியா, எடுத்தாளுகையா என்று சண்டை வரும் என்று தெரியும். எனக்கு இரண்டும் சம்மதம். எழுத்தெண்ணிக்கையும் இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் 'எடுத்தாட்சி' என் காதுக்குச் சற்றுச் சுருக்கமாகக் கேட்கிறது.

இன்னொன்று பாக்கி. ஆசிரியர் தன் கட்டுரையோடு சேர்த்துத் தானே களஞ்சியத்தில் போட்டுவைக்கும் தரவு, யாரிடமிருந்தும் எடுத்து ஆண்டதில்லை. அதற்கு 'உடன்வைப்பு' என்று மனத்தில் ஓடுகிறது. வங்கி வாடை அடிக்கிறது என்று வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். வேறு சொல் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை கோப்பை அனுப்ப வேண்டும்.