ராப்டர் குவாட்ல முன்பக்க ஷாக் அப்சார்பர் மாத்துன கதை, உங்க அனுபவத்தையும் போடுங்க

மணல்_ராப்டர், ஷார்ஜா:

என்கிட்ட இருக்கிறது யமஹா ராப்டர் 700 குவாட், அதாவது நாலு சக்கர பைக், ஆர் இல்லாத சாதா மாடல், செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. நான் 92 கிலோ, ஹெல்மெட் பூட்ஸ் தண்ணிப் பை எல்லாம் மாட்டுனா 100 தாண்டிரும். ஹத்தா ரோட்ல பதாயர் பக்கம் பிக் ரெட் இருக்குல்ல, அங்கதான் லீவு நாள்ல ஓட்டுறது. வாடகை குவாட் எல்லாம் ஓடி ஓடி கேம்ப் பக்கம் மணல் வரிசையா மேடு மேடா ஆயிருக்கும், வூப்ஸ்னு சொல்லுவோமே அதான், அதுல மூணாவது மேடு வரைக்கும் வண்டி சொன்ன பேச்சு கேக்கும், நாலாவதுல மூக்கு கீழ குத்தி ஹேண்டில்பார் கைய விட்டுப் பிடுங்கிட்டு போகும். மணல் மேட்டு மேலேருந்து இறங்கி குழிக்குள்ள பூந்து திரும்ப ஏறுற இடத்துல முன்பக்கம் டமால்னு அடி வாங்கும்.

ஸ்பேர்ஸ் கடைல கேட்டேன். "ப்ளஸ் 2 ப்ளஸ் 1 ஆர்ம் போடு, எல்லாம் சரியாயிரும்"னாரு. ஆர்ம்னா வீல ஃப்ரேமோட சேக்குற இரும்புக் கை. ப்ளஸ் 2 ப்ளஸ் 1னா ஒவ்வொரு பக்கமும் 2 இன்ச் அகலம் கூடும், வீல் 1 இன்ச் முன்னாடி தள்ளிப் போகும். ஸ்டாக், அதாவது கம்பெனிலேருந்து வந்தபடி, ராப்டர் அகலம் 46 இன்ச் சொச்சம், ஆர்ம் போட்டா 50. பாக்க செமையா இருந்துச்சு, சரிவுல குறுக்க போறப்ப கவுந்துருமோங்கிற பயமும் போச்சு, பொய் சொல்லக் கூடாது.

ஆனா மூக்கு குத்துறது முன்னவிட மோசமாயிருச்சு! கடைக்காரர்ட்ட கேட்டா "ப்ரீலோட ஏத்து"ன்னாரு. ஸ்ப்ரிங்க முன்கூட்டியே அமுக்கி வெக்கிற அட்ஜஸ்ட்மெண்ட் அது. கடைசி படி வரைக்கும் ஏத்திட்டேன், வண்டி உயரமா நின்னுச்சே தவிர அடி வாங்குறது அப்படியேதான்.

ஏன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ஆர்ம்ங்கிறது நெம்புகோல் மாதிரி. ஷாக் மாட்டுற போல்ட் பழைய எடத்துலயே இருந்து வீல் மட்டும் வெளிய தள்ளிப் போனா, அதே ஸ்ப்ரிங்க வீல் இன்னும் ஈசியா அமுக்கிரும். ஆர்ம் நீளம் 15 இன்ச்னு வெச்சுக்கோங்க, அது 17 ஆனா 15ஐ 17ஆல வகுத்து அத ஸ்கொயர் பண்ணணும், 0.78 வரும். வீல்கிட்ட ஸ்ப்ரிங் 20 பர்சென்ட்டுக்கு மேல சாஃப்ட் ஆயிருச்சுன்னு அர்த்தம். ஏற்கனவே என் வெயிட்டுக்கு பத்தாத ஸ்ப்ரிங்க காசு குடுத்து இன்னும் பத்தாம பண்ணிட்டேன். ப்ரீலோடு ஸ்ப்ரிங்க கெட்டியாக்காது, வண்டி நிக்குற உயரத்த மட்டும்தான் மாத்தும், அதுவும் அப்பதான் மண்டைல ஏறுச்சு.

இன்னொன்னு, இது சீரியஸ். ஆர்ம் நீளமானா டை ராடும் (ஹேண்டில் திருப்புறத வீலுக்குக் கொண்டு போற கம்பி) ப்ரேக் ஹோஸும் (ப்ரேக் ஆயில் குழாய்) நீளமா போடணும். டை ராடு மாத்திக் குடுத்தாங்க, ஹோஸ் பழசே போதும்னு விட்டுட்டாங்க. வீட்டுக்கு வந்து முன்பக்கத்த ஜாக்ல தூக்கி, வீல் முழுசா கீழ தொங்குறப்ப ஹேண்டில ஒரு பக்கம் ஒடிச்சுப் பாத்தா ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி விறைச்சு நிக்குது. ஜம்ப் பண்ணி காத்துல இருக்கிறப்ப பிச்சிருந்தா, அடுத்த மேட்டுல முன் ப்ரேக் இருக்காது. ஆர்ம் மாத்துன யாரா இருந்தாலும் இன்னைக்கே இத ஒரு தடவ செக் பண்ணிருங்க.

கடைசியா அந்த ஆர்முக்குன்னே அளவு பாத்து கனடா கம்பெனி எல்கா ஷாக் ஆர்டர் பண்ணேன். என் வெயிட் எவ்வளவு, என்ன ஆர்ம், மணலா ட்ராக்கா எல்லாம் கேட்டுட்டுத்தான் ஸ்ப்ரிங் போடுறாங்க. டேப் வெச்சு சேக் அளந்தேன். முன்பக்கத்த வீல் தரைய தொட்டும் தொடாம இருக்கிற அளவு தூக்கி ஃப்ரேம்ல ஒரு பாயிண்ட் தரைலேருந்து எவ்வளவுன்னு அளந்து, அப்புறம் முழு கியரோட ஏறி உக்காந்து அதே பாயிண்ட திரும்ப அளக்கணும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேக். மொத்த ட்ராவல்ல (வீல் மேலயும் கீழயும் போகக் கூடிய தூரம்) மூணுல ஒரு பங்கு பக்கம் இருக்கணும்பாங்க, ராப்டருக்கு 9 இன்ச் ட்ராவல், அப்ப 3 இன்ச். பழைய ஷாக்ல எனக்கு நாலரை. பாதி ட்ராவல் நான் உக்காந்ததுமே காலி, அப்புறம் எங்கேருந்து அடி தாங்கும்?

இந்த டேப் வேலைய மொதல்லயே பண்ணியிருந்தா ஆர்ம் காசு மிச்சம்.

மிச்சிகன்_மாப்ள:

அண்ணே எனக்கு அப்படியே உல்ட்டா. நான் கிராண்ட் ரேப்பிட்ஸ்ல இருக்கேன், யமஹா ஒய்எஃப்இசட் 450ஆர் குவாட், முன்ன வெச்சிருந்தவர் ப்ளஸ் 1 ஆர்ம் போட்டிருந்தாரு. ஸ்டாக்லயே 49 இன்ச், ஆர்மோட 51. மிச்சிகன்ல ஏடிவி ட்ரெயில், அதாவது குவாட் ஓட்டுற காட்டுப் பாதை, 50 இன்ச் அகலம் வரைக்கும்தான். சட்டத்த விடுங்க, ரெண்டு மரத்துக்கு நடுவுல வீல் மாட்டி நின்னா சட்டம் ஞாபகம் வராது, விரல்தான் ஞாபகம் வரும். சுண்டு விரல் இன்னும் குளிருக்கு வலிக்குது. யமஹா 2010 பக்கம் 450எக்ஸ்னு 46 இன்ச்ல காட்டுக்குன்னே ஒண்ணு விட்டாங்க, ஏன்னு இப்ப புரியுது.

திரும்ப ஸ்டாக் ஆர்ம் தேடிப் புடிச்சு மாட்டிட்டேன். புது ஷாக் வாங்கவும் இல்ல. 450ஆர்ல வர்ற கேஒய்பி ஷாக்ல கம்ப்ரெஷன் (அமுங்குற வேகம்) ரீபவுண்ட் (திரும்ப எழும்புற வேகம்) எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணலாம், சரக்கு நல்ல சரக்கு, ஆனா அது மோட்டோகிராஸ் ஜம்ப்புக்கு செட் பண்ணது, வேர் கல்லுல ஓட்டுனா பல்லு ஆடும். ரீவால்வ் பண்ணக் குடுத்தேன், உள்ள ஆயில் ஓட்டத்த கட்டுப்படுத்துற மெலிசு தகடு, ஷிம்னு சொல்லுவாங்க, அத மாத்தி, ஆயில் மாத்தி, நைட்ரஜன் ஏத்தி, என் 70 கிலோவுக்கு ஸ்ப்ரிங்கும் போட்டு வாங்கினேன். புது ஷாக் வெலைல கால்வாசி கூட ஆகல. இங்க உள்ள சில்வர் லேக் மணலுக்கு போறப்ப மட்டும் கம்ப்ரெஷன ரெண்டு மூணு க்ளிக் ஏத்திக்குவேன்.

எங்க ஓட்டுறோம்னு முடிவு பண்ணாம ஷாக் தேடுறது, பொண்ணு பாக்காம மண்டபம் புக் பண்ற மாதிரி.

பாரா_ஃபிட்டர், சோஹார்:

மண்டபம் மேட்டர் சூப்பர் தம்பி.

நான் வெல்டிங் ஆளு, ஓமன்ல 11 வருஷம். ஆர்ம் ஒடஞ்சு என்கிட்ட வர்ற வண்டிதான் அதிகம். பேர் தெரியாத ஆர்ம் பவுடர் கோட்டிங்ல பளபளன்னு இருக்கும், உள்ள சாதா இரும்பு. நல்ல ஆர்ம் 4130 க்ரோமோலி (குரோமியம் மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) பைப்ல வரும், மெலிசா இருந்தாலும் தாங்கும். விரிசல் எப்பவும் பால் ஜாயிண்ட் (ஆர்ம் நுனில வீல் திரும்புற உருண்டை மூட்டு) உக்கார்ற கப்ப சுத்தித்தான் ஆரம்பிக்கும். வண்டிய கழுவி தொடச்சிட்டு அந்த எடத்துல பெயிண்டு மேல முடி மாதிரி துரு கோடு தெரியுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. தெரிஞ்சா ஓட்டாதீங்க, என்கிட்டயும் கொண்டு வராதீங்க, நான் ஒட்ட மாட்டேன். ஒட்டிக் குடுத்து நாளைக்கு ஒருத்தன் காலு போனா எனக்குத் தூக்கம் வராது.

அப்புறம் க்ரீஸ். ரெண்டு ரைடுக்கு ஒருக்கா, ஆர்ம் ஃப்ரேம்ல மாட்டுற எடத்துல இருக்கிற புஷ்ல க்ரீஸ் அடிங்க, மணல் கலந்த பழைய க்ரீஸ் வெளிய வர்ற வரைக்கும். பல பேரு ஷாக் போச்சுன்னு வர்றாங்க, புஷ்தான் ஆடிக்கிட்டு இருக்கும்.

காத்து_ஷாக்:

நான் ஃபாக்ஸ் ஃப்ளோட் ஷாக் போட்டிருக்கேன், ஸ்ப்ரிங்கே கிடையாது, காத்துதான். வெயிட் கம்மி, நானும் தம்பியும் ஒரே வண்டிய மாத்தி மாத்தி ஓட்டுறோம், அவன் 60 கிலோ நான் 85, கைப்பம்ப் எடுத்து அடிச்சா முடிஞ்சுது. ஆனா கல்ஃப் வெயில்ல ஒரு விஷயம் இருக்கு. காலைல 20 டிகிரில 60 பிஎஸ்ஐ அடிச்சு வெச்சா, ஷாக் 50 டிகிரி ஆகுறப்ப அது 67 பக்கம் வந்துரும். மதியத்துக்கு மேல வண்டி ஏன் கட்டையாட்டம் ஆகுதுன்னு ஒரு சீசன் முழுக்க கம்ப்ரெஷன் நாப திருகிக்கிட்டு இருந்தேன். இப்ப ரெண்டு மூணு ரவுண்டு ஓட்டி சூடானப்புறம்தான் ப்ரஷர் பாக்குறது. ஷாக்குக்குன்னு உள்ள பம்ப்தான் யூஸ் பண்ணணும், டயர் கம்ப்ரஷர கொண்டு போய் சொருகாதீங்க, உள்ள எடமே கொஞ்சூண்டு, ஒரு செகண்டுல எகிறிரும்.

புதுசு_400:

எல்லாருக்கும் வணக்கம். ஹோண்டா 400இஎக்ஸ் எடுத்திருக்கேன், 2004 மாடல். இவ்வளவு செலவு முடியாது, முன் வீலுக்கும் ஹப்புக்கும் நடுவுல வெக்கிற வீல் ஸ்பேசர் மட்டும் போட்டா போதுமா? திரும்புறப்ப உள் வீல் தூக்குது.

மணல்_ராப்டர், ஷார்ஜா:

தம்பி, ஸ்பேசர் போட்டா அகலமாகும், உள் வீல் தூக்குறதும் கொறையும், ஆனா வீல் மட்டும் பால் ஜாயிண்ட விட்டு வெளிய தள்ளிப் போகுது, அதனால ஒவ்வொரு மேட்டுலயும் ஹேண்டில் கைய அடிக்கும், பேரிங்கும் சீக்கிரம் போகும். பின்னாடி போட்டா பரவால்ல, முன்னாடி எனக்குப் புடிக்கல. மொதல்ல உன் பழைய ஷாக் லீக் ஆகுதான்னு பாரு, அத்தன வருஷ ஆயிலு இந்நேரம் வெறும் தண்ணியா இருக்கும். முன் வீல் டோ-இன்ன அள, ரெண்டு முன் வீலுக்கும் நடுவுல உள்ள தூரம் முன்பக்கம் பின்பக்கத்த விட கால் இன்ச் வரைக்கும் கம்மியா இருக்கலாம், அளக்கிறப்ப ஹேண்டில ஸ்ட்ராப் போட்டு நேரா கட்டிக்கோ. ஃபிட்டர் அண்ணன் சொன்ன புஷ்ஷையும் ஆட்டிப் பாரு. இதெல்லாம் ஓசி.

திரும்புறப்ப வண்டில எப்படி உக்கார்ற? பொம்ம மாதிரி நடுவுலயே உக்காந்திருந்தா எந்த ஷாக் போட்டாலும் வீல் தூக்கும்.

புதுசு_400:

நடுவுலதான் அண்ணே உக்கார்றேன் 🙈

மணல்_ராப்டர், ஷார்ஜா:

அப்ப சனிக்கிழம காலைல ஆறு மணிக்கு பதாயர் வந்துரு. டேப் நான் கொண்டு வரேன், நீ முழு கியரோட வா, சேக் அளந்துட்டு அப்புறம் ஓட்டலாம்.